முதுகில் ஊசி போட்ட பிறகும் இடுப்பில் நெர்வ் பிளாக் எதற்கு?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. அம்மாவுக்கு 71 வயது. தேய்ந்துபோன வலது இடுப்பு மூட்டை மாற்றத் தேதி குறித்தாகிவிட்டது. முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்துதான் ஆபரேஷன் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். இப்போது மயக்க மருந்து டாக்டர் வந்து, கூடவே ஒரு நெர்வ் பிளாக்கும் போட்டால் பிறகு வலி குறைவாக இருக்கும் என்கிறார். ஒரே ஆபரேஷனுக்கு எதற்கு இரண்டு ஊசி, நரம்பில் குத்திக் கால் விளங்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆபரேஷன் முடிந்த அன்று இரவு அம்மா எவ்வளவு வலியில் இருப்பார், அந்த வலியைக் குறைக்கப்போய் அவர் நடப்பதே கெட்டுவிடுமா என்பதுதான் உங்கள் உண்மையான கவலை என்று எனக்குத் தோன்றுகிறது. நான் மயக்கவியல் மருத்துவர். பல வருடங்களாக எலும்பு ஆபரேஷன்கள்தான் என் அன்றாட வேலை. அம்மாவை நேரில் பார்க்காமல், அவருடைய ரிப்போர்ட்டுகளைப் படிக்காமல் போடுங்கள் என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்லக் கூடாது. விஷயம் என்ன என்பதை மட்டும் தெளிவாகச் சொல்ல முயல்கிறேன்.

முதலில், அந்த இரண்டு ஊசிகளும் ஒரே வேலையைச் செய்வதில்லை. முதுகில் போடுவது தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரில் கலந்து, இரண்டு கால்களையும் முழுமையாக மரக்கச் செய்கிறது. கத்தி பட்டாலும் தெரியாது, காலை அசைக்கவும் முடியாது. ஆனால் அதன் ஆயுள் வழக்கமாக இரண்டிலிருந்து நான்கு மணி நேரம்தான். காலை பத்து மணிக்கு ஆபரேஷன் தொடங்கினால் மதியம் இரண்டு மணிக்குள் பெரும்பாலும் கால் விரல்கள் அசையத் தொடங்கிவிடும், வலியும் மெல்லத் தலை தூக்கும். நெர்வ் பிளாக்கின் வேலை அங்கிருந்துதான். இடுப்பிலிருந்து வலிச் செய்தியைக் கொண்டுபோகும் சில நரம்புகளைச் சுற்றி மட்டும் மருந்து விடுகிறோம். பூபிவாகெயின், ரோபிவாகெயின் போன்ற மருந்துகளை ஒரே முறை போட்டால் பெரும்பாலும் 8 முதல் 16 மணி நேரம், சிலருக்கு ஒரு நாள் வரைகூட வேலை செய்யும். ஆக முதுகு ஊசி ஆபரேஷனுக்கு, பிளாக் அதற்குப் பிந்தைய பொழுதுக்கு.

சரி, பிளாக் போட்டால் வலியே இருக்காதா? இருக்கும். இதை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லாததால்தான் பல குடும்பங்கள் பிறகு ஏமாந்துபோகின்றன. காரணம் இடுப்பு மூட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. அந்த மூட்டுக்கு ஒரே ஒரு நரம்பு போவதில்லை. மூட்டைச் சுற்றியுள்ள உறையின் முன்பக்கத்துக்குத் தொடை நரம்பிலிருந்தும் ஆப்டுரேட்டர் நரம்பிலிருந்தும் கிளைகள் வருகின்றன. பின்பக்கத்துக்கு சயாட்டிக் நரம்பு (பிட்டம் வழியாகக் காலின் பின்பக்கம் இறங்கும் பெரிய நரம்பு), பிட்டத்து நரம்புகள் முதலியவற்றிலிருந்து கிளைகள். மேலே வெட்டப்படும் தோலுக்கோ தொடையின் வெளிப்பக்கத் தோல் நரம்பு உட்பட வேறு சில நரம்புகள். வலியை உணரும் நுண்கிளைகள் உறையின் முன்பக்கத்தில்தான் அதிகம் என்பதால், இன்றைய பிளாக்குகள் பெரும்பாலும் அந்தப் பக்கத்தைக் குறிவைக்கின்றன. அது சரியான தேர்வுதான். ஆனாலும் பிட்டத்துக்குள் ஆழமாக ஒரு வலி, தையல் போட்ட இடத்தில் ஓர் எரிச்சல் என்று ஏதாவது மிச்சமிருக்கும். குறிப்பாக, பின்பக்கமாகத் திறந்து செய்யும் ஆபரேஷனில் இது நன்றாகத் தெரியும். அதை வைத்துப் பிளாக் வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

எந்த பிளாக் என்பதையும் டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் காலின் பலம் அதைப் பொறுத்தது. முன்பெல்லாம் தொடை நரம்பையே நேரடியாக மரக்கச் செய்வோம். வலி நன்றாக அடங்கும், ஆனால் முழங்காலை நீட்டும் தொடைத் தசையும் சேர்ந்து தளர்ந்துவிடும். முதுகெலும்பை ஒட்டி ஆழத்தில் போடும் இடுப்புப் பின்னல் பிளாக்கும் வழக்கத்தில் இருந்தது. ரத்தக்கசிவு, மருந்து தண்டுவடப் பக்கம் பரவுவது போன்ற ஆபத்துகளால் இப்போது பலரும் அதைத் தவிர்க்கிறோம். இன்று அதிகம் பேசப்படுபவை இரண்டு. ஒன்று ஃபேசியா இலியாக்கா பிளாக். 1989இல் பெர்னார் டாலன்ஸ் குழுவினர் குழந்தைகளுக்காக விவரித்தது, பிறகு பெரியவர்களுக்கும் பரவலாக வந்தது. இடுப்பின் முன்புறத் தசையை மூடியிருக்கும் ஒரு மெல்லிய உறைக்கு அடியில் 30, 40 மில்லி மருந்தை விட்டால் அது தொடை நரம்பையும் வெளிப்பக்கத் தோல் நரம்பையும் போய்ச் சேரும். இன்னொன்று பெங் பிளாக். கனடாவின் டொராண்டோவில் பிலிப் பெங் உள்ளிட்ட குழு 2018இல் வெளியிட்டது. மூட்டு உறைக்குப் போகும் நுண்கிளைகளை மட்டும் பிடித்து, தொடைத் தசையின் பலத்தை விட்டுவைப்பதுதான் அதன் நோக்கம்.

போடும்போது என்ன நடக்கிறது என்று தெரிந்தால் உங்கள் பயம் கொஞ்சம் குறையும் என்பதால் பெங் பிளாக்கைக் கொஞ்சம் விவரிக்கிறேன். அம்மா மல்லாந்து படுத்திருப்பார். கவட்டைப் பக்கம் மருந்து போட்டுத் துடைத்து, அல்ட்ராசவுண்ட் கருவியை வைப்போம். திரையில் இடுப்பெலும்பு ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியும், அதன் மேல் தசைநார் ஒரு வெண்புள்ளியாக உட்கார்ந்திருக்கும். தொடை நரம்பும் ரத்தக்குழாயும் அதற்கு மேலே, தோலுக்குக் கிட்டத்தில் இருக்கும். குழாய் துடிப்பதைத் திரையிலேயே பார்க்கலாம். ஊசி வெளிப்பக்கத்திலிருந்து சாய்வாக இறங்கி, நரம்பைத் தொடாமல், தசைநாருக்குக் கீழே எலும்பில் போய் முட்டும். ஒன்றிரண்டு மில்லி விட்டதுமே தசைநார் எலும்பிலிருந்து மெல்ல எழும்பும். அப்போதுதான் இடம் சரி என்று மீதியையும் விடுவோம், மொத்தம் சுமார் 20 மில்லி. இடையிடையே சிரிஞ்சைப் பின்னுக்கு இழுத்து, ரத்தம் வருகிறதா என்று பார்ப்போம். நரம்பில் ஊசி குத்துகிறார்கள் என்ற எண்ணம்தான் எல்லோரையும் மிரட்டுகிறது. நரம்புக்குள் ஊசி போகாமல் பார்த்துக்கொள்வதுதான் இந்த வேலையில் பாதி. ஃபேசியா இலியாக்காவிலும் அப்படித்தான், ஊசி நரம்பிலிருந்து தள்ளியே இருக்கும்.

இனி இதனால் எவ்வளவு பலன் என்பது. இணையத்தில் தேடினால் ஒரு பக்கம் அற்புதம் என்று இருக்கும், இன்னொரு பக்கம் பெரிய வித்தியாசம் இல்லை என்று இருக்கும். இரண்டு வேறு நிலைமைகளை ஒன்றாகப் போட்டுக் குழப்புவதே அதற்குக் காரணம். விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வருபவர்கள் ஒரு வகை. அவர்களுக்கு பிளாக்கின் பலனில் எனக்குச் சந்தேகமே இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட தொகுப்பு 49 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. பிளாக் போட்ட அரை மணிக்குள், அசையும்போது வரும் வலி பத்துக்குச் சுமார் 2.5 புள்ளி குறைந்தது. முதியவர்களுக்கு வரும் மனக்குழப்பமும் குறைந்தது. ஏறத்தாழ 12 பேருக்கு பிளாக் போட்டால் ஒருவருக்கு அந்தக் குழப்பம் வராமல் தடுக்கலாம் என்ற கணக்கு. நெஞ்சுச் சளித்தொற்று குறைகிறது, எழுந்து நடமாடுவது சில மணி நேரம் முன்னதாக நடக்கிறது என்பதற்கும் ஓரளவு நல்ல ஆதாரம் உண்டு. புள்ளிவிவரத்தை விடுங்கள். எலும்பு முறிந்த ஒருவரை முதுகு ஊசிக்காக உட்கார வைப்பதையோ ஒருக்களிக்க வைப்பதையோ பார்த்தவர்களுக்கு இது புரியும். பிளாக் இல்லாமல் அவரைத் தொட்டாலே அலறுவார். பிளாக் போட்டு இருபது நிமிடம் கழித்துத் திருப்பினால், கட்டிலின் கம்பியை இறுகப் பிடித்திருந்த அதே கை தளர்ந்திருக்கும். முறிவுடன் வரும் ஒரு முதியவரை பிளாக் இல்லாமல் மணிக்கணக்கில் காக்க வைப்பதை என்னால் ஏற்க முடிவதில்லை.

உங்கள் அம்மா அந்த வகை அல்ல. அவருடையது திட்டமிட்டுச் செய்யும் மூட்டு மாற்று. இங்கே பலன் சிறியது என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். முதல் காரணம், முழங்கால் மாற்று அளவுக்கு இடுப்பு மாற்று வலிப்பதில்லை. அப்புறம், மற்ற வலி மருந்துகளை முறையாகக் கொடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடுகிறது. ஆபரேஷனுக்குப் பின் வரும் வலிக்கான பரிந்துரைகளை வகுக்கும் ப்ராஸ்பெக்ட் குழு, முழு இடுப்பு மாற்றுக்கென 2021இல் வெளியிட்டதில் அடித்தளமாக வைத்தது பாராசிட்டமாலையும், வீக்கம் குறைக்கும் வலி மாத்திரை ஒன்றையும், ரத்தக்குழாய் வழியாக ஒருமுறை கொடுக்கும் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தையும்தான். அதற்கு மேல் ஒருமுறை போடும் ஃபேசியா இலியாக்கா பிளாக், அல்லது ஆபரேஷன் செய்பவரே வெட்டிய இடத்தைச் சுற்றி மருந்தைச் செலுத்துவது, இரண்டில் ஒன்று. தொடை நரம்பு பிளாக், இடுப்புப் பின்னல் பிளாக், முதுகில் குழாய் வைத்து மருந்து விடும் எபிடியூரல் மூன்றையும் அது பரிந்துரைக்கவில்லை. அவை வலியைக் குறைக்காது என்பதால் அல்ல, அவற்றால் வரும் தொல்லை பலனை மிஞ்சுகிறது என்பதால். ஆகவே உங்கள் டாக்டர் பிளாக் போடலாம் என்று சொன்னது வழக்கமான, நியாயமான யோசனைதான். பிளாக் போடாமல், வெட்டிய இடத்தில் மருந்து செலுத்தி, மாத்திரைகளையும் ஒழுங்காகக் கொடுக்கும் இடத்திலும் அம்மா நன்றாகவே இருப்பார்.

இன்னும் தீர்மானமாகாத விஷயங்களும் உண்டு. பெங்கா, ஃபேசியா இலியாக்காவா, எது மேல் என்பதில் ஆய்வுகள் ஒரே பக்கம் சாயவில்லை. முதல் சில மணி நேரம் வலி கொஞ்சம் குறைகிறது, தசைப் பலம் கூடுதலாக மிஞ்சுகிறது என்று பெங்குக்கு ஆதரவாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. வெட்டிய இடத்தில் நன்றாக மருந்து செலுத்திய பிறகு அதன்மேல் பிளாக்கும் போடுவதால் கூடுதலாகக் கிடைப்பது சொற்பமே என்கின்றன வேறு சில. மாதக்கணக்கில் நீடிக்கும் வலியை பிளாக் தடுக்கிறது என்று யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம், அதற்குத் திடமான ஆதாரம் இல்லை. என் சொந்த வழக்கம் என்னவென்றால், மார்ஃபின் வகை வலி மருந்துகள் ஒத்துக்கொள்ளாதவர், முன்பு ஆபரேஷனுக்குப் பிறகு குழப்பமடைந்தவர், தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் சிக்கல் உள்ளவர், சிறுநீரகக் கோளாறால் வீக்க மாத்திரை கொடுக்க முடியாதவர், இவர்களுக்கு பிளாக்கை வலியுறுத்திச் சொல்வேன். மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லிவிட்டு, அவர்கள் விருப்பத்துக்கு விடுவேன்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். கால் தளர்வது, நரம்பு கெடுவது இரண்டும் வேறு வேறு. தளர்வு என்பது மருந்து இருக்கும் வரை தசை வலுவிழந்திருப்பது. ஃபேசியா இலியாக்காவில் இது சகஜம். பெங் பிளாக்கில் குறைவு, ஆனால் மருந்து மேலே கசிந்து தொடை நரம்பைத் தொட்டுவிட்டால் அங்கும் வரும். மருந்து இறங்கியதும் அது தானாகச் சரியாகும். ஆபத்து என்னவென்றால், வலி இல்லை என்ற தெம்பில் அம்மா இரவில் தனியாகக் கழிவறைக்குக் கிளம்பி, முழங்கால் மடிந்து விழுந்துவிடலாம். புதிதாகப் பொருத்திய மூட்டோடு விழுவது சின்ன விஷயமல்ல. முதல் முறை நிற்கும்போது பிசியோதெரபிஸ்டோ நர்ஸோ கூட இருக்க வேண்டும், கையில் வாக்கர் இருக்க வேண்டும். நிற்பதற்கு முன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தபடி முழங்காலை நேராக நீட்டச் சொல்லுங்கள். நீட்டிப் பிடிக்க முடியவில்லை என்றால் அப்போதைக்கு நிற்க வேண்டாம். மரத்த இடத்தில் வெந்நீர்ப் பையும் வைக்கக் கூடாது. சுடுவது தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும்.

நரம்பே சேதமடைவது அரிது. சில நாட்களுக்கு ஓரிடத்தில் மரமரப்போ கூச்சமோ இருப்பது அவ்வளவு அரிதில்லை. அவற்றில் பெரும்பாலானவை சில வாரங்களில், சில நேரம் சில மாதங்களில் மறைந்துவிடுகின்றன. நீண்ட காலம் நீடிக்கும் சேதம் 10,000 பிளாக்குகளில் 2 முதல் 4 என்ற அளவில் சொல்லப்படுகிறது. இது எல்லா வகை நெர்வ் பிளாக்குகளையும் சேர்த்த கணக்கு. நீரிழிவால் ஏற்கெனவே பாதங்கள் மரத்திருப்பவர்களுக்குக் கூடுதல் கவனம் வேண்டும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உறவினர்கள் கேட்டறியாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். இடுப்பு மாற்று ஆபரேஷனிலேயே, பிளாக் போடாவிட்டாலும், நரம்பு இழுபட்டோ அழுத்தப்பட்டோ பாதிக்கப்பட வாய்ப்பு உண்டு. ஏறத்தாழ நூற்றில் ஒருவர் என்று சொல்வார்கள், அதிலும் பெரும்பாலும் சயாட்டிக் நரம்பு. அந்த நரம்பு கெட்டால் கணுக்காலை மேல்நோக்கி மடக்க முடியாமல் பாதம் தொங்கும். முன்பக்கம் போடும் இந்த இரண்டு பிளாக்குகளும் சயாட்டிக் நரம்பைத் தொடுவதில்லை. எனவே முதுகு ஊசி முழுதும் இறங்கிய பிறகும் அம்மாவால் பாதத்தைத் தன் முகம் நோக்கி மடக்க முடியவில்லை என்றால், பிளாக்கால்தான் அப்படி இருக்கிறது, காலையில் சரியாகிவிடும் என்று யார் சொன்னாலும் அதோடு விட்டுவிடாதீர்கள். உடனே ஆபரேஷன் செய்த டாக்டர் வந்து பார்க்க வேண்டும். இதை உறவினர் ஒருவரே மாலையில் இரண்டு மூன்று முறை சோதித்துப் பார்க்கலாம்: பாதத்தை மேலே மடக்கச் சொல்லுங்கள், கீழே அழுத்தச் சொல்லுங்கள், மறு காலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னோர் ஆபத்து மருந்தின் அளவு. மரக்கச் செய்யும் மருந்து தவறி ரத்தக்குழாய்க்குள் போனாலோ, மொத்த அளவு மிஞ்சினாலோ, வாயைச் சுற்றி மரமரப்பு, நாக்கில் உலோகச் சுவை, காதில் இரைச்சல் என்று தொடங்கி வலிப்பு, இதயத் துடிப்பில் கோளாறு வரை போகலாம். அரிதுதான், ஆனால் அதனால்தான் பிளாக்கை மானிட்டர் மாட்டி, அவசர மருந்துகளும் 20 சதவீதக் கொழுப்புக் கரைசலும் கைக்கெட்டும் இடத்தில் வைத்துச் செய்கிறோம். பூபிவாகெயினுக்கு எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்பது பலரும் கடைப்பிடிக்கும் உச்சவரம்பு. அம்மா 50 கிலோ என்றால் மொத்தம் 100 மில்லிகிராம். 0.25 சதவீத மருந்தில் அது 40 மில்லி. பிளாக்குக்கே 40 மில்லி போட்டுவிட்டு, ஆபரேஷன் செய்பவர் தன் பங்குக்கு வெட்டிய இடத்திலும் செலுத்தினால் வரம்பு தாண்டிவிடும். ஆகவே இருவரும் மருந்து போடப்போகிறார்களா, இரண்டையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தாகிவிட்டதா என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம். நல்ல டாக்டர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

நான் அதிகம் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி: பிளாக் இறங்கும் நேரம். மதியம் வரை நடந்த ஆபரேஷனுக்கு அது பெரும்பாலும் இரவு பத்து மணிக்கும் விடியற்காலைக்கும் இடையில் எங்கோ இறங்கும். வார்டில் ஆட்கள் குறைந்திருக்கும் வேளை. மாலை முழுவதும் வலி இல்லாமல் இருந்தவர், மாத்திரை எதற்கு என்று தள்ளிவிட்டுத் தூங்கியிருப்பார். நடு இரவில் திடீரென்று வலியோடு விழிப்பார். மாத்திரை கொடுத்தாலும் பிடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். பிளாக் ஏமாற்றிவிட்டது என்று சொல்பவர்களில் பலருக்கு நடந்தது இதுதான். வலி இல்லாவிட்டாலும் பாராசிட்டமாலைக் கடிகாரம் பார்த்து, எழுதிக்கொடுத்த இடைவெளியில் கொடுக்க வேண்டும். வீக்க மாத்திரை எழுதியிருந்தால் அதுவும் அப்படியே. தூங்கப்போகும் முன் ஒரு வேளை உள்ளே போயிருக்க வேண்டும். தாங்க முடியாமல் வலித்தால் கொடுக்க என்ன மருந்து எழுதியிருக்கிறது என்று நர்ஸிடம் மாலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். டெக்ஸாமெதசோன் கொடுத்திருந்தால் நீரிழிவு உள்ளவருக்கு ஓரிரு நாள் சர்க்கரை ஏறும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஆனால் அளந்து பார்க்க வேண்டும்.

கடைசியாக, நீங்கள் எழுதியதில் எனக்குத் தேவைப்பட்ட ஒரு தகவல் இல்லை. அம்மா ரத்தம் உறையாமலிருக்க ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா? இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததற்கோ, துடிப்புக் கோளாறுக்கோ அப்படி ஒன்று இருந்தால் முதலில் யோசிக்க வேண்டியது முதுகு ஊசியைத்தான். அதற்கு அந்த மாத்திரையை எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்று கணக்கு உண்டு. மாத்திரைக்கு மாத்திரை அது மாறும். நீங்களாக நிறுத்திவிடக் கூடாது, தொடர்ந்து கொடுத்துவிட்டு ஆபரேஷன் அன்று காலையில் சொல்லவும் கூடாது. அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு எடுத்துக்கொண்டு, தேதிக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பாவது மயக்க மருந்து டாக்டரைப் போய்ப் பாருங்கள். எந்த பிளாக், எத்தனை மில்லி, இரவுக்கு என்ன மருந்து என்ற கேள்விகளையும் அப்போதே கேட்டுவிடலாம்.